வில்பிரட் தேர்ந்தெடுத்த டிராக்டர்

வில்பிரட் மிராந்தா கப்பல் வேலையை விட்டதற்குக் காரணம் ஒரு சமையற்காரனின் உடைந்த தாடை. கொரியாவில் பூசான் துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது, சமையற்கட்டில் சண்டை வந்தது. கொதிக்கிற எண்ணெயைக் கவிழ்த்து, பாத்திரம் தேய்க்கிறவனின் காலைப் பொசுக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றான் சமையற்காரன். எஞ்சின் அறையில் ஆயில்மேனாக இருந்த வில்பிரட் ஓடிப்போய் அவனை அடித்தான். முதல் அடி நியாயமான அடி என்று கப்பலில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு விழுந்த அடிகளுக்கு யாராலும் நியாயம் சொல்ல முடியவில்லை.

ஊருக்கு வந்தவன் மனைவி மரியசெல்வியிடம் மட்டும் நடந்ததை மறைக்காமல் சொன்னான். கீழே விழுந்தவனைத் தான் அடித்துக்கொண்டே இருந்ததும், நிறுத்த வேண்டும் என்ற நினைப்பே தனக்கு வராததும்தான் அவனைப் பயமுறுத்தியிருந்தன. இருவரும் மணப்பாட்டுக்குப் போனார்கள். திருச்சிலுவைக் கோயிலில் முழந்தாளிட்டு, இனி எந்த மனுஷன் மேலும் கை வைப்பதில்லை என்று அவன் நேர்ந்துகொண்டான்.

அவன் ஊர் புன்னைத்துறை. மணப்பாட்டுக்கு வடக்கே, கடலைப் பார்த்த ஒரு கோயிலும் அதன் இரு பக்கமும் இரண்டு தெருக்களும்தான் ஊர். வடக்குத் தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும் எப்போதும் ஆகாது. திருநாளில் மாதா சப்பரம் முதலில் எந்தத் தெருவுக்குள் நுழைவது என்பதில் ஆரம்பித்த பகை, கிணறு, மீன் ஏலம், கல்லறைத் தோட்டம் என்று எல்லாவற்றுக்கும் பரவியிருந்தது. வில்பிரட் கோயில் மதிலை ஒட்டி, இரண்டு தெருவுக்கும் நடுவில், எஞ்சின் பழுது பார்க்கும் கொட்டகை ஒன்று போட்டான். உடன்குடிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பம்பு செட்டுகள் வந்தன. இரண்டு தெருக்காரர்களும் அவனிடம் வந்து உட்கார்ந்து பீடி குடித்தார்கள். ஊரில் அப்படி இரு தரப்பும் உட்காரும் இடம் கோயிலை விட்டால் அது ஒன்றுதான்.

ஆனால் அவனும் ஒரு தெருவில் பெண் எடுத்தவன்தானே. வடக்குத் தெருவின் தலைக்கட்டு இஞ்ஞாசி, மரியசெல்வியின் கூடப்பிறந்த அண்ணன். தெற்குத் தெருவுக்கு வளன் தலைவர். இருவருமே வள்ளம் வைத்திருந்தவர்கள், பேச்சுக்கு முன்னால் கை ஓங்குகிறவர்கள்.

புன்னைத்துறைக் கரை செங்குத்தான மணல் மேடு. கடலிலிருந்து வந்த வள்ளத்தை அலைக்கு எட்டாத இடத்துக்கு ஏற்ற ஒரு கூட்டமே தோள் கொடுக்க வேண்டும். எழுபத்து மூன்றாம் ஆண்டு கடைசியில், அப்படி ஏற்றும்போது ஒரு வள்ளம் தோளில் தாங்கிய தடியிலிருந்து நழுவிப் பின்னால் சரிந்து, ஒரு ஆளின் விலா எலும்புகளை நொறுக்கிக் கொன்றது. அடக்கத்தன்று பங்குச் சாமியார் இரண்டு தலைவர்களையும் கூப்பிட்டு, இனி மனுஷனைக் கொடுத்து வள்ளம் இழுக்க வேண்டாம், ஊர்ப் பொதுவில் ஒரு இழுவை வண்டி வாங்குங்கள் என்றார். செத்தவனின் தாய் எதிரிலேயே உட்கார்ந்திருந்ததால் இருவராலும் மறுக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தூத்துக்குடியில் கொரியா டிராக்டர் வந்திருக்கும் செய்தி பரவியது. வேறு எங்கோ போக வேண்டிய கப்பல் ஒன்று புயலில் அடிபட்டுத் தூத்துக்குடிக்கு வந்து, அடித்தளத்தில் தண்ணீர் புகுந்த சரக்கை இறக்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. கேட்பாரில்லாமல் கிடந்த சரக்கு ஏலத்துக்கு வந்தது. பெட்டிகளை உடைத்தால் உள்ளே குட்டி டிராக்டர்கள். மொத்தத்தையும் காயல்பட்டினத்து வியாபாரி செய்கு அப்துல் காதிர் ஏலத்தில் எடுத்து, முத்தையாபுரத்தில் சரக்கு வைக்கும் ஒரு கிட்டங்கியில் நிறுத்தியிருந்தார். உப்பளக்காரர்களும் வாழைத் தோட்டக்காரர்களும் போய்ப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

இஞ்ஞாசியும் வளனும் ஒரே லாரியில் ஏறியதை ஊர் அதிசயமாகப் பார்த்தது. நடுவில் வில்பிரட்டை உட்கார வைத்துக்கொண்டார்கள். கொரியாவுக்குப் போய்வந்தவன், அந்தப் பாஷை தெரிந்தவன் என்பது ஊரின் எண்ணம். அவனுக்கு அந்தப் பாஷையில் சாராயம் கேட்கவும் விலை கேட்கவும் மட்டும்தான் தெரியும்.

கிட்டங்கியில் இரண்டு விதமான வண்டிகள் நின்றன. இரண்டும் கொரியாவில் செய்தவை, ஆனால் கம்பெனி வேறு. எழுத்தைப் படிக்க ஆளில்லாததால் முகப்பில் இருந்த படத்தை வைத்தே எல்லாரும் பேர் சொன்னார்கள். ஒன்றில் உறுமுகிற புலி. சிவப்பு வண்டி, பெரிய பின் சக்கரம், பொத்தானை அழுத்தினால் கிளம்பும். மற்றதில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. பச்சை வண்டி, குள்ளம், ஒற்றை சிலிண்டர், முன்னால் இரும்பு ஹேண்டிலைப் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும்.

காதிர் இரண்டையும் ஓட்டிக் காட்டச் சொன்னார். புலி ஒரே பாய்ச்சலில் கிட்டங்கியைச் சுற்றி வந்தது. கொக்கு தடதடவென்று நடுங்கிக்கொண்டு ஊர்ந்தது. வளன் புலியின் மூடியைத் தட்டிக் கொடுத்துவிட்டு, இது போதும் என்றார்.

வில்பிரட் சட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு வண்டிக்கும் அடியில் படுத்துப் பார்த்தான். எழுந்து வந்து இஞ்ஞாசிக்கும் வளனுக்கும் பொதுவாகச் சொன்னான். புலிக்கு வலு அதிகம், ஆனால் கனமும் அதிகம், ஈர மணலில் இறங்கினால் அச்சு வரை புதைந்துவிடும். வயரெல்லாம் உப்புத்தண்ணீர் குடித்திருக்கிறது. கொக்கு மெதுவாகத்தான் இழுக்கும், ஆனால் மணலில் மிதக்கும். அதன் எஞ்சின், தான் தினமும் பிரிக்கிற பம்பு செட்டு மாதிரிதான். உடைந்தால் தூத்துக்குடியில் கிடைக்கிற சாமானைத் தேய்த்துப் பொருத்திவிடலாம். புலிக்கு ஒரு சாமான் போனால் மறுபடி கொரியாவிலிருந்து ஒரு கப்பல் புயலில் அடிபட்டு வர வேண்டும்.

காதிர் சிரித்துவிட்டார். வளன் சிரிக்கவில்லை.

"மச்சானும் மாப்ளையும் வீட்டுலயே பேசி முடிச்சிட்டு வந்திருக்கீக," என்றார். "பெறவு என்னை எதுக்கு லாரில ஏத்திக் கூட்டிட்டு வந்தீக?"

வில்பிரட் தான் யாரிடமும் பேசவில்லை என்று சொன்னான். அது உண்மை. ஆனால் இஞ்ஞாசி அதற்குள், வண்டி தெரிந்தவன் சொல்லுகிறான், தெரியாதவன் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதானே என்று சொல்லிவிட்டார். வளன் அவர் சட்டையைப் பிடித்தார். காதிரும் சுமை தூக்குகிறவர்களும் சேர்ந்து பிரித்துவிட்டார்கள். கொக்கு லாரியில் ஏறியது. வளன் அந்த லாரியில் ஏறாமல் பஸ் பிடித்து வந்தார்.

அடுத்த வாரமே தெற்குத் தெரு தனியாகப் பணம் திரட்டிப் புலியைக் கொண்டுவந்து இறக்கியது. தாரை தப்பட்டையோடு, மூடியில் மாலை போட்டு, வேண்டுமென்றே வடக்குத் தெரு வழியாக ஓட்டி வந்தார்கள். ஓட்டியவன் வளனின் தம்பி பவுல். ஆக்னஸ் என்ற பெண்ணைக் கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு, வில்பிரட்டின் கொட்டகைக்கு வந்து, எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்று ரகசியமாகக் கேட்டுப் போனான்.

ஒரு கரையில் இரண்டு டிராக்டர் வந்ததும், வள்ளத்தை ஏற்றச் சரிவான பாதை ஒன்றுதான் இருக்கிறது என்பது எல்லாருக்கும் புரிந்தது. முதல் வாரத்தில் அந்தப் பாதைக்காகக் கைகலப்பு. பிறகு வடக்குத் தெருக்காரன் உலர்த்தியிருந்த வலை மேல் புலி ஏறிப் போனது. மறுநாள் கொக்கின் டீசல் டாங்கியில் யாரோ மணலைக் கொட்டினார்கள். வில்பிரட் எஞ்சினைப் பிரித்துக் கழுவிப் பூட்டினான். அன்றிலிருந்து, வேறு யாரும் வண்டியைக் கிளப்பாதபடி ஹேண்டிலைக் கழற்றித் தன்னோடு எடுத்துப் போவதை வழக்கமாக்கிக்கொண்டான்.

மணல் கொட்டியதற்குப் பழிவாங்க வடக்குத் தெருக்காரர்கள் செய்தது வேறு. ஏலக் கொட்டகையில் தெற்குத் தெரு ஆள் ஒருவனை மடக்கி, அவன் வலது கையை, வரிசையாக முள் கோத்த ஆயிரங்கால் தூண்டில் கூடைக்குள் முழங்கை வரை திணித்து, மேலே ஏறி நின்றார்கள். அவனைக் கூடையோடு வில்பிரட்டின் கொட்டகைக்குத்தான் தூக்கிவந்தார்கள். குறடு அங்கேதான் இருந்தது. வில்பிரட் ஒவ்வொரு முள்ளாக வெட்டி எடுத்தான். அந்த ஆள் கத்துவதற்குச் சக்தியில்லாமல் வாயைத் திறந்தபடியே கிடந்தான். அந்த வாரமே, அதற்குச் சம்பந்தமே இல்லாத வடக்குத் தெரு மனிதன் ஒருவனைத் தெற்குத் தெருக்காரர்கள் தென்கரையில் பிடித்து, மீன் அறுக்கும் கட்டையில் கையை வைத்துக் கட்டை விரலைத் துண்டித்து அனுப்பினார்கள். கட்டை விரல் இல்லாதவன் கயிறு பிடிக்க முடியாது, துடுப்பும் பிடிக்க முடியாது. அதைத் தெரிந்தே செய்தார்கள்.

"நீங்க வேற வண்டியச் சொல்லியிருந்தா இதெல்லாம் வந்திருக்குமா?" என்று மரியசெல்வி ஒருநாள் கேட்டாள். குற்றமாகக் கேட்கவில்லை. அவனும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். புலியைச் சொல்லியிருந்தால் வளன் சந்தோஷப்பட்டிருப்பார். ஊர் ஒன்றாக நின்று, புதைந்த வண்டியைப் பார்த்து ஒன்றாகத் திட்டியிருக்கும். ஆனால் தெரிந்தே தவறான வண்டியைக் கைகாட்ட அவனால் முடிந்திருக்காது.

ஆனி மாதம் காற்று எழும்பியதும் அவன் சொன்னபடியே நடந்தது. கடல் மேலே ஏறிக் கரை முழுவதும் சொதசொதவென்று ஆக, புலி புதைய ஆரம்பித்தது. முதல் தடவை பவுலும் தெற்குத் தெருக்காரர்களும் மதியம் வரை தோண்டிப் பார்த்துவிட்டு நின்றார்கள். யாரும் கூப்பிடாமலே வில்பிரட் கொக்கை மேட்டில் நிறுத்தி, கம்பிவடத்தைக் கட்டி, நிதானமாக இழுத்து எடுத்துக் கொடுத்தான். பவுல் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது தடவையும் அப்படியே. சாமியார் பிரசங்கத்தில் அதைச் சொன்னார்.

இஞ்ஞாசி வீட்டுக்கு வந்து கத்தினார். விரல் போனவனின் பெண்டாட்டி தன் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போகிறாள், தன் வீட்டு மாப்பிள்ளை எதிரி வண்டிக்கு ஊழியம் செய்கிறான் என்றார். வில்பிரட், வண்டி வழியை மறித்துக் கிடந்தால் நம் வள்ளமும்தான் ஏற முடியாது என்று சொன்னான். இஞ்ஞாசி எழுந்து போனார். மறுநாள் சாயங்காலம், வள்ளத்தைக் கட்ட வேண்டும் என்று கம்பிவடத்தைக் கேட்டு வாங்கிப் போனார். விடிந்ததும் அவரே கொண்டுவந்து கொக்கின் பின்னால் போட்டுவிட்டுப் போனார். சமாதானத்துக்கு இறங்கி வருகிறார் என்று வில்பிரட் நினைத்தான்.

அன்று காலை கடல் மோசமாக இருந்தது. புலி ஒரு வள்ளத்தை இழுக்க இறங்கி, பின் சக்கரம் இரண்டும் மூழ்கிச் சரிந்து நின்றது. அதற்குப் பின்னால் இரண்டு தெரு வள்ளங்களும் அலையில் தத்தளித்துக்கொண்டு ஏற இடமில்லாமல் நின்றன. பவுல் கையை ஆட்டினான். வில்பிரட் வடத்தைக் கட்டினான். அலை நனைக்கும் இடத்தில் நின்று அவசரமாகக் கட்டியதால் அதைத் தடவிப் பார்க்கவில்லை. பவுல் தன் வண்டியில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டான். கொக்கு முனகிக்கொண்டு மேட்டில் ஏறியது. வடம் விறைத்தது.

துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கொக்கு துள்ளி முன்னால் ஓடியது. வில்பிரட் திரும்பிப் பார்த்தபோது பவுல் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தான். கைகள் ஸ்டீயரிங்கில் இருந்தன. அறுந்து சுழன்ற கம்பி அவன் கழுத்திலிருந்து நெஞ்சு வரை கிழித்துவிட்டிருந்தது. வில்பிரட் ஓடிப்போய் இரண்டு கையாலும் காயத்தை அழுத்திப் பிடித்தான். விரல்களுக்கு நடுவில் ரத்தம் சூடாகப் பீறிட்டது. பவுலின் உயிர் சட்டென்று போகவில்லை. அவன் கண்கள் வில்பிரட்டின் முகத்தை விட்டு அகலாமல், ஏதோ கேட்க நினைப்பது போல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டன.

தெற்குத் தெருக்காரர்கள் துடுப்போடு வந்தார்கள். முதல் அடியில் வில்பிரட் முழங்காலில் விழுந்தான். இடது கையை வண்டியின் இரும்பில் வைத்து ஒருவன் கல்லால் குத்தினான். விரல்கள் முறிவது அவனுக்கே கேட்டது. வளன் அவன் தலைமுடியைப் பிடித்து அலைக்குள் இழுத்துப் போய் முகத்தை மணலில் அமுக்கினார். வில்பிரட் கையை உயர்த்தவில்லை. செத்துப் போகிறோம் என்று தெரிந்தும் உயர்த்தவில்லை. சாமியார் அங்கியோடு கடலுக்குள் ஓடி வந்து, வளனின் முதுகில் விழுந்து அவரைப் பிரித்து, இவனைக் கோயிலுக்குள் இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினார்.

வெளியே வடக்குத் தெரு கிளம்பிவிட்டது. அரிவாளும் வெடிகுண்டும் எங்கிருந்து வந்தன என்று கேட்கும்படி இல்லை. எல்லா வீட்டிலும் தயாராக இருந்திருக்கின்றன. ஓலைக் கூரைகள் வரிசையாகத் தீப்பிடித்துக்கொண்டன. தன் வீட்டை அணைக்கத் தண்ணீர்க் குடத்தோடு ஓடிய பெரியவர் ஒருவர் குண்டு விழுந்து குடத்தோடு சிதறினார். மதிலோரம் ஒருவனை வெட்டிப் போட்டிருந்தார்கள். அவன் எந்தத் தெருக்காரன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. திருச்செந்தூரிலிருந்து போலீஸ் வேன்கள் வந்து சேரும்போது பவுலோடு சேர்த்து மூன்று உயிர் போயிருந்தது. புலி டிராக்டரை யாரோ டீசல் ஊற்றிக் கொளுத்தியிருந்தார்கள்.

மறுநாள் காலை, போலீஸ்காரர்கள் கரையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்க, வில்பிரட் கையில் கட்டோடு கொக்கின் அருகே போனான். வடத்தின் மிச்சம் அதன் பின்னால் தொங்கியது. அதைத் தூக்கிப் பார்த்தான். இழுபட்டு அறுந்த கம்பி முனை மெலிந்து கூராகச் சுருளும். பாதிக் கம்பிகள் அப்படித்தான் இருந்தன. மீதிப் பாதி வெட்டிரும்பு வைத்துத் தட்டியது போல மட்டமாக, பளபளவென்று இருந்தன. வெட்டு தெரியாமலிருக்க மேலே கிரீஸை அப்பியிருந்தார்கள்.

ஹேண்டிலைக் கழற்றி வழக்கம்போல் கையில் எடுத்துக்கொண்டு அவன் இஞ்ஞாசியின் வீட்டுக்கு நடந்தான்.

இஞ்ஞாசி குசினி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் வீட்டில் அடைக்கலமாக வந்திருந்த மரியசெல்விதான் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"வடத்த வெட்டுனது நீங்களா மச்சான்?"

இஞ்ஞாசி மறைக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். புலி மறுபடியும் புதையும் என்று அவருக்குத் தெரியும். வில்பிரட் போய் இழுப்பான் என்பதும் தெரியும். வடம் அறுந்தால் வண்டி அங்கேயே கிடந்து கடலோடு போகும், தெற்குத் தெருவின் கொட்டம் அடங்கும். அவ்வளவுதான் அவர் நினைத்தது.

"பவுலு அங்கன உக்காந்திருப்பாம்னு நான் கண்டேனா?"

"ஓட்டுறவன் வண்டிலதான உக்காருவான்."

"சரிலே, போயிட்டான். செத்தது தெக்குத் தெருக்காரந்தான? உனக்கு எதுக்கு இம்புட்டு வருத்தம்?" என்று சொல்லிவிட்டு இஞ்ஞாசி மீனை எடுத்தார்.

வில்பிரட் அடித்தான். முதல் அடி தோளில் விழுந்து எலும்பு முறிந்தது. இஞ்ஞாசி எழ முயன்றபோது இரண்டாவது அடி தலையில் விழுந்தது. தட்டு கவிழ்ந்து, சோறும் ரத்தமும் சுவரில் தெறித்தன. விழுந்தவரை அவன் மறுபடி அடித்தான். கப்பலில் போலவே, நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. மரியசெல்வி அண்ணன் மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டாள். அவள் முதுகைப் பார்த்த பிறகுதான் கை நின்றது. அவள் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. "போங்க," என்று மட்டும் சொன்னாள்.

அவன் கரைக்குப் போய்ப் போலீஸ்காரர்களிடம் ஹேண்டிலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான்.

இஞ்ஞாசி சாகவில்லை. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. வில்பிரட் திருநெல்வேலிக் கோர்ட்டில் எல்லாவற்றையும் சொன்னான். வடத்தை வெட்டியது யார், கட்டியது யார், கட்டும்போது தடவிப் பார்க்காமல் விட்டது யார் என்று ஒன்றையும் விடவில்லை. மைத்துனரை எதற்காக அடித்தாய் என்று கேட்டபோது, பவுலுக்காக என்று சொல்லியிருந்தால் தெற்குத் தெரு அவனைத் தோளில் தூக்கியிருக்கும். அவன், கோபத்தில் அடித்தேன், செத்துப் போகட்டும் என்றுதான் அடித்தேன் என்று சொன்னான். பாளையங்கோட்டை ஜெயிலுக்கு அனுப்பினார்கள். கொக்கு டிராக்டரைச் சாட்சிப் பொருளாக ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினார்கள். புன்னைத்துறையில் மறுபடியும் தோள் கொடுத்தே வள்ளம் ஏற்றினார்கள்.

எழுபத்து ஒன்பதில் அவன் விடுதலையாகி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது, வடக்குத் தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. மரியசெல்வி அண்ணனோடு இருந்தாள். வடத்தை வெட்டியது யார் என்பதைக் கோர்ட்டில் கேட்டறிந்திருந்த வளன்தான் வந்து அவன் பெட்டியை வாங்கினார். ஒரு காலத்தில் அலைக்குள் அமுக்கிய அதே கையால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, முன்னால் நடந்து, தன் வீட்டுப் பின்புறத்தில் இடம் காட்டினார். அன்று மாலை பவுலின் மனைவி ஆக்னஸ் அங்கே வந்து நின்றாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அவர் ரொம்ப நேரம் கஷ்டப்பட்டாரா என்று.

"இல்ல தாயி," என்றான் வில்பிரட். கோர்ட்டில் ஒரு பொய்யும் சொல்லாதவன் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

வளைந்துபோன இடது கையோடு பழையபடி பம்பு செட்டு பிரித்துப் பிழைத்தான். வடக்குத் தெருப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. சில மாதம் கழித்து மரியசெல்வியே தேடி வந்தாள். அவள் இடுப்பு விட்டுப் போயிருந்தது. அண்ணனைத் தூக்கிக் குளிப்பாட்ட முடியவில்லை, ஊரில் யாரும் ஒருநாளுக்கு மேல் உதவிக்கு வருவதில்லை. "ஆள் ஒருத்தர் வேணும்," என்று சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

வில்பிரட் அவள் பின்னால் போனான்.

இஞ்ஞாசி கட்டிலில் கிடந்தார். நெஞ்செலும்பு தெரிய மெலிந்திருந்தார். வில்பிரட் குனிந்து அவர் முதுகுக்கு அடியில் கை கொடுத்தபோது, வேலை செய்கிற இடது கையால் அவன் முகத்தில் ஓங்கி அறைந்தார். மறுபடி அறைந்தார். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. வில்பிரட் நகரவில்லை. அந்தக் கை களைத்துப் போகும் வரை குனிந்தபடியே நின்றான்.

"முடிஞ்சிட்டா மச்சான்? இப்ப கைய என் தோள்ல போடுங்க."

இஞ்ஞாசி போடவில்லை. வில்பிரட் அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் உட்கார வைத்தான். மரியசெல்வி தண்ணீர் ஊற்றினாள். மறுநாளும் அவன் போனான், அடி வாங்கினான், தூக்கினான். வளன் வீட்டிலிருந்து கிளம்பி வடக்குத் தெரு வழியாக அவன் நடந்து போவதை இரண்டு தெருவும் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு சிலர் துப்பினார்கள். அந்த மழைக்காலத்தில் ஒருநாள் இஞ்ஞாசியின் கை அவன் முகம் வரை வந்து, அடிக்காமல், அவன் தோளைப் பிடித்துக்கொண்டது. மன்னித்தாரா, அல்லது கிணற்றடி ஈரத்தில் விழுந்துவிடுவோம் என்று பயந்தாரா, வில்பிரட்டுக்குத் தெரியவில்லை. அவன் கேட்கவும் இல்லை. அன்று குளிப்பாட்டி முடித்ததும் மரியசெல்வி இரண்டு தட்டில் சோறு போட்டாள். அண்ணனுக்கு ஊட்டிவிட்டு, மற்ற தட்டை வில்பிரட் முன்னால் வைத்துவிட்டு, மீனின் முள்ளைப் பார்த்துச் சாப்பிடும்படி சொன்னாள்.